எல்லாத் தலையிடியும் பீனிசம் அல்ல

பனிக்காலம் முடிந்து வெயில் எறிக்கத் தொடங்கியதும் எமது மருத்துவ நிலையத்துக்கு வருபவர்கள் பலர் சொல்லும் முதல் வசனம் இதுதான்: "டொக்டர், எனக்குப் பீனிசம் கூடிப்போச்சு. ஒரு அன்ரிபயோட்டிக் எழுதித் தாங்கோ."

விசாரித்துப் பார்த்தால் காய்ச்சல் இல்லை, மூக்கால் மஞ்சள் சளியும் வரவில்லை. ஆனால் தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று இடிக்கிறது, ஓங்காளம் வருகிறது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. இப்படியானவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது பீனிசம் அல்ல. நம் ஊரில் கபாலக்குத்து, ஒற்றைத் தலையிடி என்றெல்லாம் சொல்லப்பட்ட மைக்ரேன். இம்முறை அதைப் பற்றிப் பார்ப்போம்.

மைக்ரேனின் அறிகுறிகள்

மைக்ரேன் விட்டு விட்டு வரும் ஒரு மூளை நரம்பு நோய். மருந்து எடுக்காவிட்டால் ஒரு தடவை வந்தது 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். உலகில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு இது உண்டு. ஆண்களை விடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகம்.

தலையிடி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னரே சிலருக்குக் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு மீது ஆசை, காரணமில்லாத எரிச்சல் என்பன ஏற்படும். வேறு சிலருக்குக் கண்முன் மின்னுகின்ற வளைந்த கோடுகள் தெரியும் அல்லது கைவிரல்கள் விறைக்கும். இதனை ஓரா என்பர். 5 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை இருந்து மறைந்துவிடும். மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் வருவதும் உண்டு. பீனிசம் என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

உங்களை நீங்களே மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கடந்த மூன்று மாதங்களில் தலையிடியால் ஒரு நாளாவது வேலையோ வீட்டு அலுவலோ தடைப்பட்டதா? தலையிடிக்கும்போது ஓங்காளம் அல்லது சத்தி வருகிறதா? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா? இரண்டுக்கு "ஓம்" என்றால் மைக்ரேனாக இருக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் குடும்ப வைத்தியரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏன் வருகிறது?

இரத்தக் குழாய்கள் விரிவதே காரணம் என்று முன்னர் நம்பப்பட்டது. முகத்திலும் தலையிலும் இருந்து உணர்வுகளை மூளைக்குக் கொண்டு செல்லும் முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு, சீ.ஜீ.ஆர்.பி எனப்படும் இரசாயனத்தை வெளிவிடுவதே முக்கிய காரணம் என்று இன்று அறிகிறோம். இதனைக் கண்டறிய உழைத்த நான்கு விஞ்ஞானிகளுக்கு 2021இல் டென்மார்க்கின் மூளை ஆய்வுப் பரிசு வழங்கப்பட்டது. இந்த இரசாயனத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் கனடாவில் உண்டு.

இது பரம்பரையாகவும் வரும். "அம்மாவும் இப்படித்தான் தலையில சீலையைக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள்ள படுத்திருப்பா" என்று பலர் எம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தூண்டும் காரணிகள்

மைக்ரேன் உள்ளவரின் மூளை மாற்றத்தை விரும்புவதில்லை. நித்திரை குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை. சாப்பாடு தவறுவது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, மன அழுத்தம், மாதவிடாய், கடும் வெளிச்சம், சாம்பிராணி அல்லது வாசனைத் திரவிய மணம் எல்லாம் தூண்டலாம். காலநிலையும் அப்படித்தான். கல்கரி நகரில் வீசும் சினூக் என்னும் வெப்பக் காற்று சிலருக்கு மைக்ரேனைத் தூண்டுவதாக அங்குள்ள ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

நமது வாழ்க்கை முறையை எண்ணிப் பாருங்கள். கிழமை முழுவதும் இரவு வேலை. சனிக்கிழமை மதியம் வரை நித்திரை, காலைத் தேநீரும் இல்லை. பின்னேரம் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபத்தில் மின்னும் விளக்குகள், காதைப் பிளக்கும் பாட்டு, சாப்பாடு வர இரவு பதினொரு மணி. ஞாயிற்றுக்கிழமை தலையிடிக்காமல் என்ன செய்யும்?

கந்தசஷ்டி போன்ற விரதம் பிடிப்பவர்கள் ஒரு கிழமைக்கு முன்னரே தேநீர், கோப்பியைப் படிப்படியாகக் குறைத்து வாருங்கள். திடீரென நிறுத்தினால் அதுவே தலையிடியைக் கொண்டு வரும். விரத நாட்களிலும் தண்ணீர் குடியுங்கள்.

குளிசையே வருத்தமானால்

தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஒரு தாயார் எம்மிடம் வந்தார். மாதத்தில் 25 நாள் தலையிடி. கைப்பையில் கொடீன் கலந்த குளிசைப் போத்தலும் கோடாலித் தைலமும் எப்போதும் இருக்கும். "குளிசை போடாட்டில் வேலைக்குப் போகேலாது டொக்டர்" என்றார்.

நாம் 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி, மண்ணெண்ணெய் எரியும் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். அந்தப் புகையும் ஆடும் வெளிச்சமும் எமது மைக்ரேனைக் கிளப்பிவிடும். ஒரு பனடோலுக்கு ஊரெல்லாம் அலைய வேண்டும். அங்கே குளிசை இல்லாமல் துன்பப்பட்டோம். இங்கே குளிசை கூடித் துன்பப்படுகிறோம்.

கொடீன் கலந்த குளிசைகளையோ ட்ரிப்டான் வகை மருந்துகளையோ மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேலும், டைலெனால், அட்வில் போன்றவற்றை 15 நாள் அல்லது அதற்கு மேலும் மாதக்கணக்காக எடுத்தால், அந்த மருந்தே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். அந்தத் தாயாருக்கு நடந்தது இதுதான். குளிசையை நிறுத்தினோம், நோய் வராமல் தடுக்கும் மருந்து ஒன்றைத் தொடங்கினோம். முதல் இரண்டு கிழமை மிகவும் கஷ்டப்பட்டார். மூன்றாவது மாதத்தில் தலையிடி ஐந்து நாளாகக் குறைந்தது.

என்ன செய்யலாம்?

• ஒரு கொப்பியில் தலையிடி வந்த நாள், நேரம், முதல் நாள் நித்திரை, சாப்பாடு, மாதவிடாய், எடுத்த மருந்து என்பவற்றை எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஸ்கானை விட இதுவே உதவும்.

• வலி தொடங்கியவுடனேயே மருந்து எடுப்பது நல்லது. ட்ரிப்டான் இதய நோயாளருக்கு ஏற்றதல்ல. ஆகவே ஒருவரின் மருந்தை இன்னொருவர் வாங்கிப் போடாதீர்கள்.

• ஓரா உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடைக் குளிசை எடுத்தால் பக்கவாத ஆபத்துக் கூடும். வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

• மருந்துச் செலவு அதிகமாயின் ஒன்ராறியோவின் ட்ரில்லியம் மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 811 இலக்கத்தில் தாதியுடன் பேசலாம்.

உடனே 911ஐ அழைக்க வேண்டியவை

இடி விழுந்தது போலத் திடீரென வரும் கடும் தலையிடி, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால் சோர்தல், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், தலையில் அடிபட்ட பின் கூடிவரும் வலி. 50 வயதுக்குப் பின் முதன்முறையாக வரும் புதுவிதத் தலையிடியும், கர்ப்ப காலத்திலோ பிள்ளை பிறந்த பின்னரோ வரும் கடும் தலையிடியும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டப்பட வேண்டியவை.

இறுதியாக வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தாயார் கடைசியாக வந்தபோது கணவரும் கூட வந்திருந்தார். "இவ்வளவு காலமும் இவ சமைக்கப் பஞ்சியில சாட்டுச் சொல்றா எண்டுதான் நினைச்சனான்" என்று தலையைக் குனிந்தபடி சொன்னார். மைக்ரேன் வெளியே தெரியாத நோய். இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது, ஸ்கானிலும் தெரியாது. வலிக்கிறது என்பவரை நம்புங்கள். விளக்கை அணைத்து, பாட்டை நிறுத்தி, ஒரு கோப்பை தண்ணீர் கொடுங்கள். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.