காணாத முகத்திற்குப் புன்னகை

‘பல் போனால் சொல் போச்சு’ என்பர் நம் முன்னோர். பல்லும் இதழும் இயைவதால் வகரம் பிறக்கிறது என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்துள்ளது. பல்லிழந்த முதியவர் செபமாலையில் ‘வாழ்க’ என்று சொல்ல முயலும்போது, அந்த முதலெழுத்தே காற்றாய்க் கழிவதை நாம் கேட்கிறோம். பந்தியில் பிறரோடு அமரவும் அவர் கூசுகிறார். பல் செட் பொருத்தியபின் மருத்துவருக்கு நன்றி கூறுகிறார், அது முறையே. ஆனால், அதைச் செய்த கைகளை அவர் கண்டதில்லை.

அக்கைகளுக்கு உரியவரே பல் தொழில்நுட்பர். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இவரை ‘டென்டல் மெக்கானிக்’ என்று குறித்தது. நோயாளியின் வாயில் கைவைத்து மருத்துவம் செய்வது இவர் பணியன்று. மருத்துவர் எடுத்தனுப்பும் அச்சைக் கொண்டே, காணாத ஒருவருக்கு இவர் பல் அமைக்கிறார்.

அச்சில் சாந்து வார்த்து ஈறின் வடிவைப் பெறுகிறார். அதன்மேல் மெழுகு பரப்பிப் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார். மருத்துவர் அதனை நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்து இசைவு தந்தபின், குப்பியில் சாந்தினுள் பதிக்கிறார். வெந்நீரில் மெழுகு உருகி வெளியேற, அவ்விடத்தில் பொடியும் திரவமும் கலந்து பிசைந்த அக்ரிலிக் பசை புகுகிறது. வெண்கலச் சிலை வார்ப்போரின் முறையை ஒத்தது இது. பின்னர், ஒரு முறைப்படி, ஏறத்தாழ 74 பாகை செல்சியஸ் வெந்நீரில் 8 அல்லது 9 மணி நேரம் அது இறுக வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினாலோ, உள்ளிருக்கும் திரவம் கொதித்துக் குமிழிகள் விழும். பல் செட் வலுவிழக்கும். பொறுமையே இத்தொழிலின் முதல் கருவி.

இதில் ஆபத்தும் உண்டு. உலோகப் பற்களை வார்க்கும் அச்சுக்கலவையில் சிலிக்கா உள்ளது. அச்சை உடைக்கும்போதும், மணல் பாய்ச்சித் துப்புரவு செய்யும்போதும், அதன் நுண்தூசி நெஞ்சினுள் புகும். ஆண்டுகள் பல கழிந்து ‘சிலிக்கோசிஸ்’ எனும் நுரையீரல் நோய் தோன்றலாம். அவ்வாறு வடுப்பட்ட நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இல்லை. ஆனால் தடுக்க வழியுண்டு: தூசியை உறிஞ்சும் பொறி, தகுந்த முகமூடி, கூடியமட்டும் ஈரப்படுத்திச் செய்தல். பிறர் உண்ணவும் பேசவும் உழைப்பவன் தன் மூச்சையே விலையாகக் கொடுப்பது நீதியாகுமா?

மனிதன் வேலைக்காக அன்று, வேலையே மனிதனுக்காக என்பதைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றி 1981-இல் விடுத்த திருமடலில் வலியுறுத்தினார். ஆய்வுக்கூடம் நடத்துவோர் இதை நெஞ்சிற்கொள்வாராக. பிள்ளைகளை இத்தொழிலில் சேர்க்கும் பெற்றோரும், கூலியை மட்டுமின்றி அங்குள்ள காற்றோட்டத்தையும் கேட்டறிவாராக.

கி.பி. 249-ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் பற்கள் நொறுக்கப்பட்டு மறைசாட்சியான புனித அப்பொல்லோனியாவைப் பல் மருத்துவர்கள் தம் பாதுகாவலியாகப் போற்றுகின்றனர். பிப்ரவரி 9-இல் அவர் திருநாள் வரும்போது, சாந்துத் தூசி படிந்த இக்கரங்களையும் நம் செபத்தில் சேர்த்துக்கொள்வோம்.