சுமையுந்துத் தொங்கலமைப்பு உயர்த்தல்

சுமையுந்துத் தொங்கலமைப்பு உயர்த்தல் என்பது, சாலையல்லாத நிலத்தில் ஓட்டுவதற்காக ஒரு சுமையுந்தின் சட்டகத்துக்கும் அச்சுகளுக்கும் இடையிலான உயரத்தைக் கூட்டும் மாற்றம் ஆகும். பேச்சு வழக்கில் இது சஸ்பென்ஷன் லிஃப்ட் எனப்படுகிறது. வண்டியின் அடிப்பகுதி கல்லிலும் வரப்பிலும் இடிக்காமல் இருக்க இது உதவுகிறது. எனினும் வண்டி உயர உயர அது கவிழும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே தேவைக்குப் போதுமான மிகக் குறைந்த உயரத்தைத் தெரிவு செய்வதே பாதுகாப்பானது.

சேலம், நாமக்கல் பகுதி

நாமக்கல் மாவட்டம் 1997 இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. நாமக்கல் லாரிக் கூண்டு கட்டும் தொழிலுக்கும், சங்ககிரி லாரிப் போக்குவரத்துக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை. இப்பகுதியின் நிலத்தடி கடினப் பாறையால் ஆனது. பாறை வெடிப்புகளில் தேங்கும் நீரை எடுக்க ஆழமாகத் துளையிட வேண்டியுள்ளது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று வேலை செய்கின்றன.

ரிக் வண்டி ஒருவகையில் சாலையல்லாத நிலத்துக்கான சுமையுந்தே. அது நெடுஞ்சாலையில் பல மணி நேரம் ஓடி, இறுதியில் மண் தடத்திலும் உழுத வயலிலும் இறங்குகிறது. துளையிடும்போது வண்டி நீரியல் ஊன்றுகால்களின் மீது நிற்பதால் அப்பொழுது தொங்கலமைப்பின் உயரத்தால் பயன் ஏதும் இல்லை. உயர்த்துவதன் நன்மை, தடத்திலிருந்து துளையிடும் இடம் வரையுள்ள சிறு தொலைவுக்கு மட்டுமே உரியது. அதன் தீமையோ பயணம் முழுவதும் உடன் வருகிறது.

உயரமும் இடைவெளியும்

வண்டி நிலத்தில் இடிக்குமா என்பதை நான்கு அளவுகள் தீர்மானிக்கின்றன.

- தரை இடைவெளி: வண்டியின் மிகத் தாழ்ந்த பகுதிக்கும் தரைக்கும் உள்ள தொலைவு.
- அணுகு கோணம்: முன்பகுதி இடிக்காமல் ஏறக்கூடிய மேட்டின் சரிவு.
- விலகு கோணம்: பின்பகுதி இடிக்காமல் இறங்கக்கூடிய சரிவு.
- முகட்டுக் கோணம்: வயிற்றுப் பகுதி தட்டாமல் கடக்கக்கூடிய மேட்டின் கூர்மை.

எடுத்துக்காட்டாக, முன் பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் நீளமும், நடுவில் 20 செ.மீ. இடைவெளியும் உள்ள வண்டியின் முகட்டுக் கோணம் ஏறத்தாழ 15 பாகை. இடைவெளியை 25 செ.மீ. ஆக்கினால் அது ஏறத்தாழ 19 பாகை ஆகிறது.

இங்கு பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. லாரிகளில் இருபுறச் சக்கரங்களையும் ஒரே விறைப்பான அச்சு இணைக்கிறது. அதன் நடுவில் உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியல் கூடே பெரும்பாலும் மிகத் தாழ்ந்த பகுதி. தொங்கலமைப்பை எவ்வளவு உயர்த்தினாலும் இந்தக் கூடு உயராது. அதனை உயர்த்தப் பெரிய டயர் வேண்டும். டயரின் விட்டம் 6 செ.மீ. கூடினால் அச்சு 3 செ.மீ. உயரும்.

உயர்த்தும் முறைகள்

லாரிகளிலும் பல சிறு சுமையுந்துகளின் பின்புறத்திலும் உள்ள வில், கமான் பட்டை எனப்படும் பட்டைவில் ஆகும். இதனை உயர்த்தும் முறைகள் பின்வருமாறு:

1. பட்டை சேர்த்தல். உயரத்துடன் விறைப்பும் கூடும். விறைப்பு பட்டைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து நேராகவும், பட்டையின் தடிப்பைப் பொறுத்து மும்மடியாகவும் கூடும். 10 மி.மீ. பட்டைக்குப் பதில் 11 மி.மீ. பட்டையை இட்டால் அதன் விறைப்பு ஏறத்தாழ 33 விழுக்காடு மிகும். வெறும் வண்டி துள்ளும்; சக்கரத்தின் தரைப்பிடி குறையும்.
2. மிகுந்த வளைவுடைய புதிய பட்டைத் தொகுதி இடுதல். செலவு கூடினாலும் விறைப்பையும் உயரத்தையும் தனித்தனியே தெரிவு செய்யலாம்.
3. ஷாக்கிளை நீட்டுதல். பட்டையின் ஒரு முனையை மட்டும் தாங்குவதால், ஷாக்கிளின் நீளம் கூடுவதில் பாதி அளவே வண்டி உயரும். முன் அச்சில் இது சக்கரச் சாய்வை மாற்றித் திருப்பியின் நிலைப்பைக் கெடுக்கலாம்.
4. அச்சுக்கும் பட்டைக்கும் இடையே கட்டை வைத்தல். மலிவானது. பிரேக் பிடிக்கும்போது கட்டையின் மீது பெரும் முறுக்கம் விழுவதால் முன் அச்சில் இதனைச் செய்யலாகாது.

சுருள்வில் உள்ள வண்டிகளில் நீளமான வில்லோ, வில்லின் மேல் இடைத்தட்டோ இடப்படுகிறது. இடைத்தட்டு வண்டியை உயர்த்துமே தவிர, சக்கரம் மேலும் கீழும் அசையும் எல்லையைக் கூட்டாது.

விளைவுகள்

கவிழ்தல்: சக்கரங்களின் இடை அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வண்டியின் நிலைப்பு எண் கிடைக்கும். இடை அகலம் 1.9 மீட்டரும் ஈர்ப்பு மைய உயரம் 1.9 மீட்டரும் உள்ள சுமையேற்றிய வண்டிக்கு இது 0.5. அதாவது ஏறத்தாழ 26.6 பாகைப் பக்கச் சரிவில் அது கவிழும். 10 செ.மீ. உயர்த்தினால் இந்த எல்லை 25.4 பாகையாகக் குறையும். இது அசையாது நிற்கும் வண்டிக்கான கணக்கு. டயரும் வில்லும் அமுங்குவதாலும் சுமை அசைவதாலும் உண்மையான எல்லை இதனினும் குறைவு. வளைவில் வேகமாகத் திரும்பும்போதும் இதே எண்ணே முதன்மையானது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலும், லாரி விபத்துகள் மிகுந்த தொப்பூர்க் கணவாயிலும் செல்லும் வண்டிக்கு இந்தச் சிறு குறைவும் பொருட்டே.

பிரேக்: சில வண்டிகளில் பின்புற பிரேக் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்ப மாற்றும் வால்வு உண்டு. அது சட்டகத்துக்கும் அச்சுக்கும் உள்ள தொலைவைக் கொண்டே சுமையை அறிகிறது. வண்டியை உயர்த்திவிட்டு வால்வைச் சீரமைக்காவிட்டால், நிறைந்த வண்டியையும் அது வெறும் வண்டி என்று கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பிரேக் குழாய்கள் இழுபடுவதும் உண்டு.

பிற: புரொப்பெல்லர் தண்டின் இணைப்புகள் கூடிய கோணத்தில் சுழன்று விரைவில் தேயும். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் படும். டயரின் விட்டம் 10 விழுக்காடு பெரிதானால், வேகமானி 60 கி.மீ. காட்டும்போது வண்டி 66 கி.மீ. வேகத்தில் ஓடும்.

தெரிவு செய்தல்

முதலில் எந்தப் பகுதி இடிக்கிறது என்று வண்டியின் அடியில் உள்ள தேய்மானத் தழும்புகளைக் கொண்டு அறிய வேண்டும். இடிப்பது டிஃபரன்ஷியல் கூடு எனில் தொங்கலமைப்பை உயர்த்துவதால் பயனில்லை. பின்னர், சமதளத்தில் வெறும் வண்டியாகவும் சுமையுடனும் உயரத்தை அளந்து தயாரிப்பாளரின் அளவோடு ஒப்பிட வேண்டும். பழைய பட்டைகள் தளர்ந்து தாழ்ந்திருந்தால், அவற்றை மாற்றினாலே இழந்த உயரம் திரும்பக் கிடைக்கும். இது உயர்த்தல் அன்று, பழுதுபார்த்தலே.

அதன் பிறகும் தேவை இருப்பின், வழக்கமான சுமைக்கு ஏற்ற விறைப்பைத் தெரிவு செய்து, அதன்பின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். எப்போதாவது வயலில் இறங்கும் வண்டிக்கு, டயரில் காற்றைக் குறைத்து மெதுவாக ஓட்டுவதும், வரப்பை வெட்டித் தடம் அமைப்பதும் பல வேளைகளில் போதும். சாலைக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் நிரப்ப வேண்டும்.

வேலை முடிந்ததும் புதிய யூ போல்ட்டுகளையே இட்டு, சில நாள் ஓடியபின் மீண்டும் முறுக்க வேண்டும். சக்கரச் சீரமைப்பு, பிரேக், விளக்கு ஆகியவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

சட்டம்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆதலால் மாற்றம் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி குறித்துக் கேட்டறிதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- பட்டைவில்
- ஈர்ப்பு மையம்
- ஆழ்துளைக் கிணறு
- கொல்லிமலை