மோட்டார்க் காலத்துக் கட்டடங்களும் வக்பு நெறியும்

திருகோணமலையில் பழமை என்றதும் கோணேசர் மலையையும் பிரெட்ரிக் கோட்டையையும்தான் காட்டுவோம். கார், லொறி, பஸ் வந்த காலத்தில் எழுந்த கடைகள், களஞ்சியங்கள், கராஜ்கள், பெற்றோல் ஷெட்டுகள் யார் கண்ணிலும் படுவதில்லை. "பழசுதானே, உடைச்சிப்போட்டு மாடி கட்டுவம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவற்றைக் காக்கும் பொறுப்பு ஏன் நம்மிடமே இருக்கிறது என்பதை இங்கே விளக்க முனைகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களையே புராதனச் சின்னங்களாகக் கொள்கிறது. கொழும்புக் கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் வைத்தியசாலை 17ஆம் நூற்றாண்டுக்குரியது. அது திருத்தப்பட்டு, 2011இல் கடைகளும் உணவகங்களும் கொண்ட தொகுதியாகத் திறக்கப்பட்டது. 1920களில் கட்டிய ஒரு கராஜுக்கு அந்தச் சட்டக் காவல் தானாகக் கிடைக்காது. உரிமையாளர் நினைத்தால்தான் அது நிற்கும்.

உரிமையாளர் எப்போது நினைப்பார்? பயன் இருந்தால். நமது சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளே இதற்குச் சாட்சி. பிரித்தானியர் காலத்தில் கட்டிய 101 தாங்கிகளில் ஒன்று 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்தது. இன்று 99 எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். பெரும்பாலானவை பல்லாண்டு காலம் காடு மூடிக் கிடந்தன. 2022 ஜனவரியில், அவற்றில் 61 தாங்கிகளைக் கூட்டாக மேம்படுத்த இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் உடன்பட்டன. வேலை கிடைத்ததும் பழைய இரும்புக்கும் மதிப்பு வந்தது.

கட்டடங்களும் அப்படித்தான். பழைய கராஜுக்கு உயர்ந்த கூரை, அகன்ற வாசல், நடுவில் தூண் மறைக்காத தளம் உண்டு. வாசிகசாலைக்கோ, மதரஸா மண்டபத்துக்கோ, தையல் நிலையத்துக்கோ வேறென்ன வேண்டும்? ஆனால் திருத்தும்போது கவனம் தேவை. சுண்ணாம்புச் சாந்துச் சுவரின் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். கடலோரத்து உப்பு செங்கல்லை அரித்துவிடும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே பொருத்தம். பெற்றோல் ஷெட்டாக இருந்த காணியென்றால் நிலத்தடித் தாங்கி கிடக்கிறதா, மண்ணிலும் கிணற்றிலும் எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும்.

நமது ஊர்களில் பள்ளிவாசல்களுக்கு வக்பாக எழுதப்பட்ட கடைகள் உண்டு. கைபர் நிலத்தை என்ன செய்வது என உமர் (ரலி) கேட்டபோது, மூலத்தை நிறுத்தி அதன் பலனைத் தர்மமாக்கும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். முதல் அழியக் கூடாது, பயனும் நிற்கக் கூடாது என்பதே வக்பின் உயிர். பழைய கட்டடங்களைப் பேணுவோர் இன்று சொல்வதும் இதையே.

ஆகவே நம்பிக்கையாளர் சபைகள் இடிக்கும் தீர்மானத்துக்கு முன் மூன்று காரியம் செய்யட்டும்: உறுதியையும் வாடகைப் பதிவேட்டையும் பிரதியெடுங்கள், கட்டடத்தை அளந்து படம்பிடியுங்கள், திருத்தும் செலவையும் புதிதாகக் கட்டும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளக்கவும் எழுதவும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் போதும். கணக்குப் பார்த்த பிறகும் இடிக்கத்தான் வேண்டுமென்றால், பதிவாவது மிஞ்சும்.