இரைச்சல் வந்தால் குவாண்டம் நெட்வொர்க் என்ன ஆகும்?

போன் வயரில் இரைச்சல் வந்தால் கம்ப்யூட்டர் விட்டுப்போன டேட்டாவை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். குவாண்டம் நெட்வொர்க்கில் அந்த வசதி இல்லை. போட்டானின் நிலையை நகலெடுத்து வைக்க முடியாதே!

இதில் பிணைந்த இரண்டு போட்டான்கள் வெவ்வேறு ஊர்களுக்குப் போகின்றன. பல ஜோடிகளை அளந்து, விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஓர் எண்ணாக்குகிறார்கள். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டது போன்ற ஒற்றுமை என்றால் அது 2-ஐத் தாண்டாது. பிணைப்பு இருந்தால் 2.83 வரை போகலாம். கேபிளில் வெப்பம் மாறினால் போட்டான் அதிரும் திசை திரும்பும். வேற்று வெளிச்சம் புகுந்தால் பொய் எண்ணிக்கை சேரும். இப்படி 29 சதவீதம் கலந்தாலே எண் 2-க்கு இறங்கிவிடும்.

2017-ல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் 1,203 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள டெலிங்கா, லிஜியாங் நிலையங்களுக்கு ஜோடிகளை அனுப்பியபோது கிடைத்தது 2.37. சூரிய வெளிச்சத்துக்குப் பயந்து சோதனையை இரவில்தான் நடத்தினார்கள்.