லாசரும் தேவசகாயமும்

நம் தங்கவயலில் லாசர் என்றும் தேவசகாயம் என்றும் பெயர் பூண்டோர் பலர் உளர். இவ்விரண்டும் ஒரே பெயர் என்பதை நம்மவர் மறந்து வருகின்றனர். அம்மறதியால் விளையும் இடர் சிறிதன்று.

அண்மையில் மாரிக்குப்பம் வண்டிக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர், நாம் ரயில்வே குமாஸ்தா என்றறிந்து தம் காகிதக் கட்டை நீட்டினார். சுரங்கப் பதிவில் அவர் லாசர்; ரேஷன் அட்டையில் தேவசகாயம். இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று வேண்டுமென்று ஓர் அலுவலகம் அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டதாம். “தம்பி, ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் லாசர், வீட்டில் அழைத்தது தேவசகாயம். இரண்டும் நான்தானே!” என்றார். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. முகமறிந்த மேஸ்திரிமாரும் இன்றில்லை, காகிதமே சாட்சி.

பெரியவர் கூற்று முற்றும் உண்மை. எபிரேய மொழியில் ‘எல்’ என்பது கடவுள். ‘அசர்’ என்பது உதவினார் எனப் பொருள்படும். இரண்டும் கூடி எலெயாசார் ஆயிற்று. ஆரோனின் மைந்தன் பெயரும் அதுவே. பேச்சில் முதலெழுத்துத் தேய்ந்து லாசர் எனக் குறுகியது. கிரேக்கர் அதனை லாசரோஸ் என்றனர். யோவான் சுவிசேஷத்தில் கல்லறையினின்று எழுப்பப்பட்ட பெத்தானியா ஊரினரும், லூக்கா சுவிசேஷத்து உவமையில் செல்வன் வாயிலில் கிடந்த ஏழையும் இப்பெயரினரே.

இப்பெயரின் பொருளை உணர்ந்து நம் நாட்டில் ‘தேவசகாயம்’ என வழங்கினர். திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது ஏற்ற பெயர் இதுவே. கொண்ட சமயத்தை விடாமையால் சிறையும் சித்திரவதையும் உற்று, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் ரோமாபுரியில் அவர் புனிதராக உயர்த்தப்பெற்றார்.

பெரியவருக்கு இவ்விளக்கத்தை எழுதிக் கொடுத்து, நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் ஒன்றும் இணைக்கச் செய்தோம். விண்ணப்பம் மீண்டும் சென்றுள்ளது. விடை இன்னும் வந்திலது.

பெற்றோர்க்கு நாம் சொல்வது இதுவே: பிறப்புப் பதிவிலும் பள்ளியிலும் ஒரே பெயரை, ஒரே எழுத்தில் பதியுங்கள். வீட்டில் மற்றப் பெயரால் அழைப்பதை விட வேண்டுவதில்லை. அதன் பொருளையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். பதிவு அலுவலகத்துக்கு, பொருள் பிள்ளைக்கு.