ஒன்றும் நடக்கவில்லையே!

1988-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஐலண்டு எக்ஸ்பிரஸ், கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்தில் தடம் புரண்டு அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் மாண்டனர். அந்நாளில் திருவனந்தபுரத்தில் வசித்த தமிழ்க் குடும்பங்கள் அதை மறந்திருக்க முடியாது. ரயில்வேயில் அப்போது இளம் பணியாளனாக இருந்த எனக்கும் அந்தச் செய்தி கேட்ட நேரம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

2023-ஆம் ஆண்டில் கேரளச் சாலைகளில் உயிரிழந்தவர்கள் 4,080 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நாளைக்கு ஒரு பெருமண்! ஊருக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் போவதால், காலையில் காப்பியுடன் செய்தியைப் படித்துவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

ரயில் பாதைக்கும் சாலைக்கும் உள்ள பெரிய வேறுபாடு எது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தண்டவாளமும் சிக்னலும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நான் சொல்லும் பதில் வேறு. ரயில் ஓட்டுநர் சிவப்பு சிக்னலைத் தாண்டிவிட்டால், எதிரே வேறு வண்டி இல்லாவிட்டாலும், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும், அவர் உடனே பணியிலிருந்து இறக்கப்படுவார். விசாரணை நடக்கும். ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்ற சமாதானம் அங்கே செல்லாது. தவறு நடந்ததா என்பதுதான் கேள்வி. விபத்து நடந்ததா என்பது அடுத்த கேள்வி.

சாலையில் நாம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். யாராவது இறந்த பிறகுதான் தவறு நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதை மாற்றும் முயற்சிகள் நடக்காமலில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகள் குறித்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக 2014-இல் ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் கேரளத்தைச் சேர்ந்த நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன். தமிழரும் மலையாளியும் கைகோத்த நல்ல காரியம் இது! சிவப்பு விளக்கைத் தாண்டுதல், அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுதல், கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டுதல் ஆகிய தவறுகளுக்குக் குறைந்தது 3 மாதம் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2015-இல் இக்குழு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ரயில்வேயின் பாடம் சாலைக்கும் வந்தது என்று நான் மகிழ்ந்தேன்.

கேரளத்தில் 726 கேமராக்களை நிறுவி, 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். சர்ச்சைகள் எழுந்தன, வழக்கும் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2022-இல் 4,317 ஆக இருந்த உயிரிழப்பு 2023-இல் குறைந்தது. விபத்துகளின் எண்ணிக்கையோ கூடியது. எல்லாம் கேமராவின் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் அணியவைத்தால் தலை தப்புகிறது. ஓட்டும் கை மட்டும் திருந்துவதில்லை. அது பயிற்சியால் வரவேண்டியது.

பயிற்சியின் கதை நமக்குத் தெரிந்ததுதான். காருக்கு ‘எச்’, இருசக்கர வாகனத்துக்கு ‘எட்டு’. கம்பியைத் தட்டாமல் வண்டியை வளைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று! மழை இரவில் எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் என்ன செய்வது என்று யாரும் கற்றுத்தருவதில்லை. 2024-இல் போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார் தேர்வைக் கடுமையாக்க முனைந்தபோது பயிற்சிப் பள்ளிகள் போராட்டத்தில் இறங்கின. அதே ஆண்டில் அரசுப் போக்குவரத்துக் கழகம் திருவனந்தபுரத்தில் தானே ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. ரயில் ஓட்டுநருக்கோ பணியில் சேர்ந்த பிறகும் குறித்த காலத்தில் கண் பரிசோதனையும் மறுபயிற்சியும் உண்டு. நமக்கு ஒருமுறை உரிமம் கிடைத்தால் பல ஆண்டுகளுக்குக் கேள்வி கேட்பாரில்லை.

அரசைக் குறை சொல்லிவிட்டு நான் நழுவிவிட முடியாது. என் மகன் பிளஸ் டூ படித்தபோது டியூஷனுக்குப் போக ஸ்கூட்டர் சாவியை அவன் கையில் கொடுத்தவன் நான்தான். பதினாறு வயது, உரிமம் இல்லை. பகலெல்லாம் சிக்னல் விதிகளைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிவிட்டு, மாலையில் வீட்டில் நானே சிவப்பைத் தாண்டினேன். என் மனைவி தடுத்தபோது, “ஒன்றும் நடக்காது” என்றேன். நல்லவேளையாக ஒன்றும் நடக்கவில்லை. அதனாலேயே அது தவறு என்று உணர எனக்கு வெகு காலம் ஆயிற்று.

இன்று சட்டம் கடுமையாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். 25 வயது வரை அவனுக்கு உரிமமும் கிடையாது. பதினாறு வயதுக்குச் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டுமே. நம் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் அநேகமாக அதைவிடப் பெரியது.

நம்மவர்கள் விடுமுறை தோறும் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் காரில் போய்வருகிறோம். பகல் முழுவதும் கல்யாண வீட்டில் ஓடியாடிவிட்டு, மறுநாள் அலுவலகம் என்று நள்ளிரவில் கிளம்புகிறோம். கண் சொருகினால் களியக்காவிளையிலோ பாறசாலையிலோ வண்டியை ஓரங்கட்டுங்கள். ஒரு மணி நேரம் தாமதமாக வீடு சேர்வதால் யாரும் குறைந்துவிட மாட்டார்கள். பின்னால் அமரும் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஹெல்மெட் வாங்குங்கள்.

சில ஆண்டுகளில் என் பேரனும் அதே சாவிக்குக் கை நீட்டுவான். பதினெட்டு வயதாகி, முறையாகப் பயின்று, உரிமத்துடன் வந்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். அதுவரை தாத்தாவின் சிக்னல் சிவப்புதான்.