லாப்ரடோர் நாய்க்குச் சத்துக் குளிசை தேவையா?



மிருக வைத்திய நிலையம் ஒன்றில் உதவியாளராக வேலை செய்வதால், எம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "தங்கச்சி, எங்கட லாப்ரடோர் குட்டிக்கு என்ன சத்துக் குளிசை குடுக்கலாம்?" ஊரில் எங்கள் வீட்டு நாய் சோறும் மீன் தலையும் தின்று வளர்ந்தது. இங்கோ கடைத் தட்டு நிறையப் போத்தல்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்ட நாய்க்கு எதையும் குறை வைக்கப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை.

லாப்ரடோர் ஒரு வேட்டை நாய். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் மீனவர்களுக்கு உதவிய நாய்களின் வழி வந்தது. சுட்டு விழுத்திய பறவைகளைத் தண்ணீரில் இறங்கிக் கௌவி வர, 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் பழக்கப்பட்டது. ஓட்டமும் நீச்சலும் அதன் இயல்பு. பசியும் அப்படித்தான். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடோருக்குப் பசியைக் கூட்டும் மரபணு மாற்றம் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். ஆகவே அது சாப்பாட்டுக்குக் கெஞ்சுவதை வைத்து, சத்துக் குறைவு என்று முடிவு செய்யக் கூடாது.

இந்த இனத்தின் பெரிய தொல்லை இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சரியாகப் பொருந்தாமல் வளர்வது. இது பரம்பரையாக வருவது. உடற்பருமன் அதை மோசமாக்கும். 48 லாப்ரடோர்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. 25 வீதம் குறைவாக உண்ட நாய்கள் நடுக்கணக்கில் 13 வருடங்கள் வாழ்ந்தன, மற்றவை 11.2 வருடங்கள். மூட்டு வாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. எந்தக் குளிசையும் இவ்வளவு பலனைத் தந்ததாக நான் அறியேன்.

குட்டிக்குக் கல்சியம் கொடுப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். உண்மை மறுபக்கம். பெரிய இனக் குட்டிகளின் உடல், மேலதிக கல்சியத்தைத் தடுத்து நிறுத்தாது. எலும்பு கோணலாக வளரலாம். பெரிய இனக் குட்டிகளுக்கென்று செய்த, 'கொம்ப்ளீற்' என்று எழுதிய உணவில் தேவையானது எல்லாம் உண்டு. 'கொம்ப்ளிமென்ரரி' என்றிருந்தால் அது தனி உணவாகப் போதாது.

வயது போன நாயின் மூட்டு வலிக்கு மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 ஓரளவு உதவும். அளவு கூடினால் வயிற்றாலை போகும். மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள். அதிலுள்ள விற்றமின் ஏயும் டீயும் உடலில் சேர்ந்து நஞ்சாகலாம். குளுக்கோசமைன் உதவும் என்பதற்கு ஆதாரம் பலவீனமானது.

கடுமையாக ஓடிய சில நிமிடங்களில் பின்னங்கால்கள் தள்ளாடி நாய் விழுந்தால், அதைச் சத்துக் குறைவென்று எண்ணிக் குளிசை கொடுக்காதீர்கள். உடனே ஓட்டத்தை நிறுத்தி, குளிர்மையான இடத்தில் வைத்து, மிருக வைத்தியரை அழையுங்கள். பரம்பரையாக வரும் இந்த நோய் உயிரையும் பறிக்கக்கூடியது. மரபணுப் பரிசோதனை உண்டு.

எங்கள் குசினியிலும் கவனம் வேண்டும். வெங்காயம், உள்ளி சேர்ந்த கறி, முந்திரிகைப் பழம், பிளம்ஸ், சொக்லேற், சைலிட்டோல் கலந்த இனிப்புகள், எங்களுடைய வலிக் குளிசைகள் எல்லாம் நாய்க்கு ஆபத்து.

இன்றே உங்கள் நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் நல்லது. தட்டுப்படாவிட்டால், போத்தல் வாங்கும் காசை மிச்சம் பிடித்து, உணவின் அளவைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.